பிரிட்டிஷ் ராணுவ பேண்ட் அணிவகுப்பைப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், காவல் நிற்கும் வீரர் அணி மாறும் சடங்கைப் பார்க்க பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் கூட்டத்தோடு நின்று, சிவப்புக் கோட்டும் கரடித்தோல் தொப்பியும் தலைகளுக்கு மேலே அசைவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாத்தியக்காரர்களின் விரல்களும் கால்களும் கண்ணில் படுவதே இல்லை. அரண்மனையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பேண்டைப் பார்க்க, அதற்கேற்ற இடமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

பேண்டை மிக அருகில் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

வெலிங்டன் பாரக்ஸ். பேர்ட்கேஜ் வாக் என்ற சாலையை ஒட்டிய ராணுவக் குடியிருப்பு அது. அரண்மனையிலிருந்து சில நிமிட நடை. புதிய காவல் அணி புறப்படும் முன் அங்கேதான் அணிவகுத்து ஆய்வுக்கு நிற்கும். அந்த நேரம் முழுவதும் பேண்ட் மைதானத்தில் வாசித்துக்கொண்டிருக்கும். இரும்பு வேலிக்கு வெளியே நின்றால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். காலை 10:15க்குள் போய்விட்டால் வேலி ஓரம் இடம் கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அரண்மனை வேலி ஓரம் நிற்க விரும்பினால் கோடை மாதங்களில் 9:30க்கே போக வேண்டும். முற்றத்தில் பழைய காவல் அணி புதிய அணியிடம் செய்யும் சாவி ஒப்படைப்பும், நடுவே பேண்ட் நின்று வாசிக்கும் கச்சேரியும் அங்கிருந்துதான் தெரியும். ஆனால் பேண்ட் நடந்து வருவது சில நொடிதான் கண்ணில் படும். விக்டோரியா நினைவுச் சின்னத்தின் படிகளில் ஏறினால் உயரம் கிடைக்கும், சத்தம் மட்டும் சிதறிப்போகும்.

இரண்டு இடத்திலும் இருக்க ஆசைப்பட்டு ஓடுகிறவர்கள் இரண்டையும் இழப்பதுதான் வழக்கம். ஓரிடத்தில் நில்லுங்கள்.

நேரக் கணக்கு என்ன?

10:30 வாக்கில் வெலிங்டன் பாரக்ஸில் ஆய்வு. 10:43 அளவில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து பழைய காவலின் ஒரு பிரிவு புறப்பட்டு மால் சாலை வழியே வரும். 10:57க்குப் புதிய காவல் பேண்டின் பின்னால் பாரக்ஸை விட்டுக் கிளம்பும். 11:00 மணிக்கு அரண்மனை முற்றத்தில் சடங்கு தொடங்கி, முக்கால் மணி நேரத்துக்குள் முடியும்.

பலர் கவனிக்காத ஒன்று: முடிந்ததும் பழைய காவல் பேண்டோடு அதே வழியில் பாரக்ஸுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருக்கும். காலையில் தாமதமாகிவிட்டால் அரண்மனைக்கு முண்டியடிக்காமல் 11:30க்கு பேர்ட்கேஜ் வாக்கில் சாலை ஓரமாக நில்லுங்கள். பேண்ட் இரண்டு கை தூரத்தில் கடந்து போகும்.

தினமும் நடக்குமா? மழை வந்தால்?

இப்போதைய வழக்கப்படி திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. சில பருவங்களில் மாறும் என்பதால் பயண நாளுக்கு முன்பு ஹவுஸ்ஹோல்டு டிவிஷன் என்ற மன்னரின் காவல் படைகளின் இணையதளத்தில் உள்ள நாட்காட்டியைப் பாருங்கள். கட்டணம் இல்லை.

கனமழை என்றால் கடைசி நேரத்தில்கூட ரத்து செய்வார்கள். பேண்டுக்கு இது சும்மா ஒரு அசௌகரியம் அல்ல. கிளாரினெட் மரத்தால் ஆனது. நனைந்து, உலர்ந்து, மறுபடி நனைந்தால் வெடிப்பு விடும். துளைகளை மூடும் விசைகளின் அடியில் இருக்கும் திண்டுகள் ஊறிவிட்டால் துளை சரியாக மூடாது, சுருதி காற்றாகப் போகும். குளிர் நாட்களில் பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். ஆகவே டிசம்பர் காலையில் முதல் நடை மெட்டு (மார்ச்) கொஞ்சம் இறக்கமாகக் கேட்டால் வாசிப்பவர்மேல் குறை சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் ஊதிய பிறகு குழாய் சூடேறித் தானாகச் சரியாகும்.

போனேன், ஆனால் பேண்டே இல்லை. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நீங்கள் பார்த்தது ஹார்ஸ் கார்ட்ஸ் என்ற மைதானத்தில் நடக்கும் குதிரைப்படைக் காவல் மாற்றம். திங்கள் முதல் சனி வரை 11 மணிக்கும் ஞாயிறு 10 மணிக்கும் நடப்பது அது. பார்க்க அழகுதான். ஆனால் அன்றாடச் சடங்கில் பேண்ட் வருவதில்லை.

இரண்டாவது, நீங்கள் கண்டது டிரம் அணி. இதில் பக்க டிரம்களும் ஃபைஃப் என்னும் சிறு புல்லாங்குழல்களும் மட்டும் இருக்கும். வாசிப்பவர்கள் அந்த ரெஜிமென்டின், அதாவது படைப்பிரிவின், காலாட்படை வீரர்கள். துப்பாக்கியும் ஏந்துவார்கள், டிரம்மும் அடிப்பார்கள். பேண்ட்காரர்களோ முழுநேர இசைக் கலைஞர்கள், 1994இல் உருவான ராணுவ இசைப் படையைச் சேர்ந்தவர்கள். வேறுபடுத்துவது எளிது: டிரம் அணியின் கோட்டில் வெள்ளைப் பட்டைகள், அவற்றில் நீல நிற அல்லிப் பூச்சின்னம். பேண்ட்காரர்களின் கோட்டில் தங்கச் சரிகை.

மூன்றாவது, நாட்காட்டியைப் பார்க்காமல் போயிருப்பீர்கள்.

எந்த ரெஜிமென்ட் பேண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலாட்படைக் காவல் ரெஜிமென்ட்கள் ஐந்து. கோட்டுப் பொத்தான்களை எண்ணினால் போதும்.

கிரெனடியர் கார்ட்ஸ்: பொத்தான்கள் ஒவ்வொன்றாக, சம இடைவெளியில். தொப்பியின் இடப்பக்கம் வெள்ளை இறகு.
கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ்: இரண்டு இரண்டாக. வலப்பக்கம் சிவப்பு இறகு.
ஸ்காட்ஸ் கார்ட்ஸ்: மூன்று மூன்றாக. இறகே கிடையாது.
ஐரிஷ் கார்ட்ஸ்: நான்கு நான்காக. வலப்பக்கம் நீல இறகு.
வெல்ஷ் கார்ட்ஸ்: ஐந்து ஐந்தாக. இடப்பக்கம் வெள்ளை, பச்சை, வெள்ளை இறகு.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இடம், வலம் என்பது அணிந்திருப்பவருடையது. எதிரே நிற்கும் உங்களுக்கு மாறித் தெரியும். இன்னொரு சிக்கல், டியூபா வாசிப்பவரின் நெஞ்சை வாத்தியமே மறைத்துவிடும், பொத்தான் தெரியாது. சிம்பல் தட்டுபவரையோ பிக்கோலோ வாசிப்பவரையோ பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் காலர் சின்னம்: கிரெனடியருக்கு எரியும் குண்டு, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு நட்சத்திரம், ஸ்காட்ஸுக்கு முட்செடிப் பூ, ஐரிஷுக்கு மூவிலை ஷாம்ராக், வெல்ஷுக்கு லீக் என்ற வெங்காயக் குடும்பக் கீரை.

காவல் நிற்கும் வீரர்கள் ஒரு ரெஜிமென்டாகவும் பேண்ட் வேறொன்றாகவும் இருப்பது சாதாரணம். கூர்க்கா வீரர்களோ கடற்படையினரோ காவலுக்கு வரும் நாட்களும் உண்டு.

குளிர்காலத்தில் சிவப்புக் கோட்டு சாம்பல் நிற நீளக் கோட்டுக்குள் போய்விடும். கவலை வேண்டாம், அதன் பொத்தான்களும் இதே கணக்கில்தான் இருக்கும்.

முன்னால் நீண்ட கோலோடு வருபவர் பேண்ட் மாஸ்டரா?

இல்லை, அவர் டிரம் மேஜர். வாசிப்பை வழிநடத்தும் இசை இயக்குநர் தனி அதிகாரி. டிரம் மேஜரின் வேலை நடையை வழிநடத்துவது. கையில் இருக்கும் மேஸ் என்ற கோல்தான் அவருடைய பேச்சு. வாசிப்பு உச்சத்தில் இருக்கும்போது வாயால் இட்ட கட்டளை கடைசி வரிசைக்குக் கேட்காது. கோலின் அசைவு எல்லோருக்கும் தெரியும். கோலை உயர்த்திப் பிடித்தால் ஏதோ மாற்றம் வரப்போகிறது என்று பொருள்: நிற்பது, திரும்புவது, அல்லது இசை முடிவது.

இசை நிற்கும் தருணத்தைக் கவனிப்பது தனிச் சுகம். மெட்டு நடுவில் இருந்தாலும் சரி, பெரிய டிரம்காரர் வழக்கமான அடிகளுக்கு இடையே கூடுதலாக ஒரு இரட்டை அடி போடுவார். அதைக் கேட்டதும் அந்த வாக்கிய முடிவில் முழு பேண்டும் ஒரே கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். இரட்டை அடி தவறான இடத்தில் விழுந்தால் பாதிப் பேர் நிறுத்தி, பாதிப் பேர் தொடர்வார்கள். பெரிய டிரம்மை நம்பகமான கையில் மட்டும் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மன்னர் குடும்பத்தினர் வரும் நாட்களில் டிரம் மேஜர் தங்கச் சரிகை இழைத்த நீண்ட கோட்டும் கருநீல வெல்வெட் தொப்பியும் அணிவார். அந்த உடையைப் பார்த்தால் அன்று முக்கியமான நாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

டிராம்போன்கள் ஏன் முதல் வரிசையில்?

நீளும் குழாய்க்கு முன்னால் ஆள் இருந்தால் முதுகில் குத்தும். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் கனமான வாத்தியங்களும், நடுவே டிரம்களும், பின்வரிசைகளில் மர வாத்தியங்களும் வருவது தரைப்படையின் பொது வழக்கம். டிரம் நடுவில் இருந்தால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் தாளம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

ராயல் மரீன்ஸ் என்ற கடற்படைப் பிரிவின் பேண்ட் இதற்கு விலக்கு. அவர்களுடைய பக்க டிரம்கள் முதல் வரிசையில் வரும். வெள்ளைத் தலைக்கவசம், நீலக் கோட்டு, முன்னால் ஒரே உயரத்தில் ஏறி இறங்கும் குச்சிகள். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். கச்சேரி மேடையில் அதே ஆட்களில் பலர் வயலினோ செல்லோவோ எடுத்து வாசிப்பார்கள். காற்று வாத்தியமும் தந்தி வாத்தியமும் இரண்டும் தெரிந்திருப்பது அவர்களுடைய மரபு.

என்ன வேகத்தில் நடக்கிறார்கள்? தாளத்தை எப்படிப் பின்தொடர்வது?

காலாட்படைக் காவல் அணிகளின் விரைவு நடை நிமிடத்துக்கு 116 காலடி. ஒரு காலடி 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 88 மீட்டர், மணிக்கு 5.3 கிலோமீட்டர். நீங்கள் சற்று வேகமாக நடந்தால் நடைபாதையில் பேண்டோடு கூடவே போகலாம். தி ரைஃபிள்ஸ் போன்ற இலகு காலாட்படை மரபில் வந்தவர்கள் நிமிடத்துக்கு 140 காலடி வைப்பார்கள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஓட்டம்போல இருக்கும். மெது நடை 60 முதல் 65 காலடி.

முதல் அடி எப்போதும் இடது கால். பெரிய டிரம்மின் அழுத்தமான அடி இடது காலோடு விழும். நம் தாள அறிவு இங்கே நன்றாக உதவும்: மார்ச்சுகளில் பல சதுஸ்ர நடையில் போகும், சில திஸ்ர நடையில் துள்ளும். காலடி வேகம் மாறாது, ஒரு அடிக்குள் விழும் சொற்கட்டுதான் மாறும். "தகதிமி" போட்டுப் பாருங்கள், சரியாக உட்காராவிட்டால் "தகிட" போடுங்கள். இதைக் கண்டுபிடித்துவிட்டால் குழந்தைகள்கூட நடைபாதையில் நின்ற இடத்திலேயே கால் மாற்றத் தொடங்குவார்கள்.

தூரத்தில் இருந்து பார்த்தால் காலும் டிரம்மும் சேரவில்லையே, தப்பாக நடக்கிறார்களா?

தப்பு அவர்களிடம் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 116 காலடி வேகத்தில் ஒரு காலடிக்கு அரை நொடிக்குச் சற்றுக் கூடுதல் நேரம். நீங்கள் 88 மீட்டர் தள்ளி நின்றால் டிரம் அடிச் சத்தம் இரண்டு காலடிகளுக்கு நடுவே வந்து விழும். 176 மீட்டர் தள்ளி நின்றால் இடது காலுக்கான அடி வலது கால் ஊன்றும்போது கேட்கும். மால் சாலையின் நேர்கோட்டில் பேண்ட் நெருங்கி வரும்போது இதைத் தெளிவாக உணரலாம்: கால்களும் அடிகளும் முதலில் பிணங்கி, பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்து, உங்கள் எதிரே வரும்போது ஒன்றாகிவிடும்.

நீளமான அணிவகுப்பில் கடைசியில் நடக்கும் வீரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. காதை மட்டும் நம்பினால் கால் தவறும். ஆகவே முன்னால் போகிறவரின் காலையும் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

திரும்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வளைவில் உள்பக்கம் இருப்பவர் அடியைக் குறுக்கி ஏறக்குறைய நின்ற இடத்தில் கால் மாற்றுவார். வெளிப்பக்கம் இருப்பவர் முழு அடி வைப்பார். இடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தன் இடத்துக்கேற்ற அளவு. இத்தனையும் ஊதிக்கொண்டே. உள்பக்க ஆள் அவசரப்பட்டால் வரிசை நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளையும். அரண்மனை அருகே சாலை திரும்பும் இடத்தின் வெளிப்புற ஓரத்தில் நின்றால் இதைப் பார்க்கலாம்.

எதிர்நடை என்பது இன்னொரு அழகு. முதல் வரிசை திரும்பித் தன் பேண்டின் பத்திகளுக்கு நடுவே எதிர்த்திசையில் நடக்கும், ஒவ்வொரு வரிசையும் அதே இடத்துக்கு வந்ததும் திரும்பும். ஒரு பேண்ட் தன்னைத் தானே ஊடுருவிக் கடப்பதுபோல் தோன்றும். பத்திகளுக்கு இடையே இடைவெளி குறைந்துவிட்டால் டிராம்போன் குழாய் எதிரே வருபவரின் முழங்கையில் இடிக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஸ்பின் வீல். மன்னரின் பிறந்தநாளை ஒட்டிய ட்ரூப்பிங் த கலர் அணிவகுப்பில் பல பேண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய சதுரமாக நிற்கும். ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் அத்தனை பெரிய கூட்டம் சாதாரணமாக வளைந்து திரும்ப இடமில்லை. ஆகவே முழுச் சதுரமும் தன் மையத்தைச் சுற்றிச் சுழலும். சிலர் முன்னே போவார்கள், சிலர் பக்கவாட்டில் நகர்வார்கள், சிலர் பின்னோக்கிப் போவார்கள். இதற்கு எழுதப்பட்ட விதிமுறை கிடையாது. மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் பழக்கத்தில் வருவது. நடுவில் ஒரு நிமிடம் எல்லாம் குலைந்ததுபோல் இருக்கும், அடுத்த கணம் சதுரம் புதிய திசையில் சரியாக நிற்கும். உயரமான இருக்கையில் இருந்து பார்க்க வேண்டிய காட்சி இது.

ட்ரூப்பிங் த கலர் பார்க்க டிக்கெட் எப்படி?

மன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் அணிவகுப்பு இது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வழக்கமாக இரண்டாவது சனி. 1,400க்கு மேற்பட்ட வீரர்கள், 200 குதிரைகள், சுமார் 400 இசைக் கலைஞர்கள். மைதான இருக்கைகளுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் இணையதளத்தில் குலுக்கல் நடக்கும்.

பேண்டுக்காகப் போகிறவர்களுக்கு ஒத்திகைகளையே பரிந்துரைப்போம். முந்தைய இரண்டு சனிக்கிழமைகளில் மேஜர் ஜெனரல் ரிவ்யூ, கர்னல் ரிவ்யூ என்று நடக்கும். மன்னர் இருக்கமாட்டார். இசையும் நடையும் ஏறக்குறைய அதேதான், போட்டி குறைவு.

டிக்கெட் இல்லாதவர்கள் மால் சாலையிலோ செயின்ட் ஜேம்ஸ் பூங்கா ஓரத்திலோ இலவசமாக நிற்கலாம். ஊர்வலம் 10 மணியிலிருந்து கடக்கும், 12:30 வாக்கில் திரும்பும். குதிரை மீதமர்ந்த பேண்டை இங்கேதான் பக்கத்தில் பார்க்க முடியும். வெள்ளி முரசுகளைச் சுமந்து வரும் பெரிய குதிரையின் கடிவாளம் முரசுக்காரரின் பாதங்களோடு இணைந்திருக்கும். கைகள் இரண்டும் குச்சிகளுக்கு, குதிரையை நடத்துவது கால்கள்.

வீரர் மயங்கி விழுவதைப் பார்த்தால் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள், வேலியைத் தாண்டாதீர்கள். மருத்துவக் குழு பக்கத்திலேயே இருக்கும். அசையாமல் நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குப் போவது குறையும். தடித்த கம்பளிக் கோட்டும் 46 சென்டிமீட்டர் உயரக் கரடித்தோல் தொப்பியும் வெப்பத்தைக் கூட்டும். 2023 ஜூன் 10 அன்று 30 டிகிரி வெயிலில் நடந்த கர்னல் ரிவ்யூவில் பலர் சாய்ந்தார்கள். டிராம்போன் கலைஞர் ஒருவர் விழுந்த பிறகு எழுந்து நின்று மறுபடி வாசிக்க முயன்றார். வீரர்களுக்குக் கால்விரல்களை ஷூவுக்குள் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான். நிழலில்லாத ஓரத்தில் நிற்கும் நீங்களும் அதையே செய்யலாம். தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போங்கள்.

பார்வையாளர் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதை?

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது, தொப்பியைக் கழற்றுவது. இருக்கைப் பகுதியில் ரெஜிமென்ட் கொடி கடக்கும்போதும் எழுவார்கள். அணிவகுப்பின் பாதையில் குறுக்கே போகவே கூடாது: அவர்கள் உங்களுக்காக நிற்கவோ விலகவோ மாட்டார்கள். பேண்டுக்கும் பின்னால் வரும் வீரர்களுக்கும் இடையே இடைவெளி தெரிந்ததும் சாலையைக் கடக்க முயல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

படம், வீடியோ எடுக்கக் குறிப்புகள்?

காலையில் அரண்மனையை நோக்கி நிற்கும்போது வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், வெளிச்சம் தொல்லை தராது. ஷட்டர் 1/500க்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் குச்சிகள் மங்கும். பெரிய டிரம் அடி கேட்கும் நொடியில் அழுத்தினால் எல்லோருடைய இடது பாதமும் தரையில் பதியும் படம் கிடைக்கும். ஒலிப்பதிவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கைபேசி ஒலியளவைத் தானே கூட்டிக் குறைப்பதால் ஒவ்வொரு டிரம் அடிக்கும் மெட்டு அமுங்கி அமுங்கி எழும். ஒலியளவை நாமே நிலைநிறுத்தும் செயலியைப் பயன்படுத்தி, அளவைக் குறைவாக வைத்துவிடுங்கள்.

ஒரு பேண்ட் உங்களைக் கடக்க எடுக்கும் நேரம் மிகக் குறைவு. ஐந்து ஐந்து பேராக 35 பேர், வரிசைக்கு இரண்டு மீட்டர் என்று கொண்டால் பத்து நொடி. அதை முழுக்கத் திரை வழியாகப் பார்த்து வீணாக்க வேண்டாம்.

கைக்குழந்தையோடு போகலாமா?

போகலாம். டிரம் வரிசை பக்கத்தில் வரும்போது சத்தம் மிகக் கடுமையாக இருக்கும், காதுக்குக் காப்பு போடுங்கள். கூட்டத்தைத் தவிர்க்க நினைத்தால் வின்ட்சர் நல்ல ஊர். செவ்வாய், வியாழன், சனி 11 மணிக்குக் கோட்டையில் காவல் மாறும். உள்ளே போக டிக்கெட் வேண்டும், ஆனால் வீரர்கள் தெரு வழியே ஏறி வருவதை யாரும் பார்க்கலாம். குறுகிய தெருவின் இருபக்கச் சுவர்களிலும் பித்தளை ஓசை மோதித் திரும்புவது, திறந்த மால் சாலையில் கிடைக்காத அனுபவம்.

நமக்குத் தெரிந்த மெட்டு ஏதாவது காதில் விழுமா?

விழும். கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்குப் பிரிட்டிஷ் தேசிய கீதம் புதிதாக இருக்காது. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுக்கு "சந்ததம் பாஹிமாம்" என்று சமஸ்கிருத சாகித்தியம் செய்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் ஒலித்த மேற்கத்திய மெட்டுகளை ஒட்டி அவர் செய்த நோட்டுஸ்வரங்களில் அதுவும் ஒன்று. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நேராகப் போகும் அந்த மெட்டை, அரண்மனை முற்றத்தில் முப்பது நாற்பது பேர் ஊதும்போது உடன் பாடிப் பாருங்கள், எழுந்து நின்றபடியே.